ஏலக்காய் எண்ணெயின் நான்காவது பயன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இணையதளத்துக்கு அறுநூறு சொல்லில் எழுதிக் கொடுத்த கட்டுரையாகப் பிறந்தது. தலைப்பு: 'நறுமண சிகிச்சையில் ஏலக்காய் எண்ணெய்: பத்துப் பயன்கள்'. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில் உட்கார்ந்து, அதற்கு முந்தின நாள் கற்றாழைக்குப் பத்து, அதற்கும் முந்தின நாள் கருஞ்சீரகத்துக்குப் பத்து என்று எழுதியவள் நான். எதைக் கையில் கொடுத்தாலும் பத்துப் பயன் கண்டுபிடித்துவிடுவேன். செங்கலுக்குக்கூட.

ஏலக்காய் எண்ணெய்க்கு உண்மையாகத் தேறியது ஆறுதான். அசதியாக இருக்கும்போது அறையில் ஆவியாக விடலாம், மனம் தெளியும். மூக்கடைப்புக்கு முகரலாம். வயிற்று உப்புசத்துக்கு வேறு எண்ணெயில் கலந்து தொப்புளைச் சுற்றி நீவலாம். இப்படி. மிச்சம் நாலை இழுத்துக் கட்டினேன். அந்த ஆறில் நான்காவதாக இருந்தது குமட்டல். கட்டுரையில் அந்த இடம் இப்படி இருந்தது:

'4. பயணத்தில் குமட்டலா? ஏலக்காய் எண்ணெய் சில துளிகளை நெற்றியிலும் பொட்டிலும் தடவிக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை உடனே உணர்வீர்கள்!'

அதற்கு அடுத்து ஒரு வரி இருந்தது. 'தேங்காய் எண்ணெயில் கலக்காமல் இதை நேரடியாகத் தோலில் தடவவே கூடாது.' எண்ணிப் பார்த்தால் கட்டுரை அறுநூற்று எட்டுச் சொல் வந்தது. எட்டைக் குறைக்க வேண்டும். இந்த வரியில் சரியாக எட்டுச் சொல் இருந்தது. வெட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

மூன்று வாரம் கழித்துக் கட்டுரைக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது.

'உங்க கட்டுரைய நம்பி எங்கம்மா நெத்தி வெந்து போச்சு. அதால ஒரு கேஸே போயிடும்போல இருக்குது. நீங்கள்லாம் இன்னாத்துக்கு எழுதுறீங்க? ஆஷ்லின், கிளியனூர்.'

இன்னாத்துக்கு எழுதுகிறேன் என்று யோசித்து நாலு நாள் தூக்கம் போனது. ஐந்தாம் நாள் கிளியனூருக்கு பஸ் ஏறினேன்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று தடுமாறியதையும் காட்டிவிடுகிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

முதல் தொடக்கம்: 'ஏலக்காயின் நறுமணம் காற்றில் மெல்லத் தவழ்ந்து வந்து' (வேண்டாம். எதுவும் தவழவில்லை.)

இரண்டாவது: 'கூலித் தொழிலாளி வேணியின் கண்களில் ஆயிரம் ஆண்டுச் சோகம்' (இதை வேணியிடமே, அதாவது ஆஷ்லினின் அம்மாவிடமே, படித்துக் காட்டினேன். "சோகமா? போக்கா, நல்லா சிரிச்சிக்கினுதான இருக்கறேன்" என்றாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: வேணிக்கு பஸ் என்றால் வாந்தி.

இது நிற்கட்டும். இதிலிருந்து போகலாம்.

வேணிக்கு பஸ் என்றால் வாந்தி. இன்று நேற்றல்ல, விவரம் தெரிந்த நாளிலிருந்து. கிளியனூரில் பிறந்து, கிளியனூரிலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தொரு வயது வரை கால் நடக்கிற தூரத்துக்குள்ளேயே அவள் பிழைப்பு ஓடியது. கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போயே தீர வேண்டுமென்றால், முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலித்தீன் பை, உட்காருகிற இடத்தில் மடித்த செய்தித்தாள் (அதன்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராதாம்) என்று சகல ஆயுதங்களோடும் ஏறுவாள். ஆயுதங்கள் தோற்கும். இறங்கும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள்.

(ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தாள். பாதி வழியில், பேரணி என்கிற ஊர் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாள். கார் இன்னும் மோசம். பைக்கில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத ஆள் ஊரில் இல்லை, நீங்களாவது விடுங்கள்.)

இதெல்லாம் ஊர் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, பொன்னியின் கை போகிற வரைக்கும்.

பொன்னி வேணிக்குப் பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஊருக்கு வெளியே ஒரு மில்லில் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கிற மெஷினில் வேலை. போன வருஷம் மாசி மாதம் ஒரு பகல், பொன்னியின் வலது கையை மெஷின் மணிக்கட்டு வரை வாங்கிக்கொண்டது. அந்த நேரம் மில்லுக்குள் இருந்தது இரண்டே பேர், பொன்னியும் வேணியும். மற்றவர்கள் வெளியே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மில் முதலாளி பிறகு என்ன சொன்னான் தெரியுமா? அந்தப் பொம்பளை என் மில்லில் வேலையே பார்த்ததில்லை, ரெஜிஸ்டரில் அவள் பெயரே இல்லை, கை எங்கே போச்சோ எனக்குத் தெரியாது என்றான். ஆறு வருஷம் வேலை பார்த்தவளை.

வழக்கு விழுப்புரம் கோர்ட்டில். லாரியில் மூட்டை ஏற்றியவர்கள் வேலை போய்விடும் என்று பயந்து கோர்ட் பக்கமே வரவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்கு பஸ் என்றால் வாந்தி.

3

முதல் வாய்தாவுக்கு வேணி விக்கிரவாண்டி வரை வந்தாள். அதற்கு மேல் உடம்பு வரவில்லை. இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் மத்தியானம் வரை சுருண்டு கிடந்தாள். கோர்ட்டில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பொன்னியின் வக்கீல் நெடுஞ்செழியன் அன்று சாயந்திரமே போனில் பிடித்துக்கொண்டார்.

"வாந்தியாம்மா? கோர்ட்டுல போயி சாட்சிக்கு வாந்தின்னு சொல்ல எனக்கு வாய் வருமா? வெலை போயிட்டியான்னு நேரா கேக்கறேன், சொல்லிடு."

ஊரிலும் பேச்சு அப்படித்தான் ஓடியது. முதலாளியின் ஆட்கள் வேணியை வளைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு நாள் குழாயடியில் பொன்னியே, குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் நின்றவள், திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"நெஜமாவே வாந்திதானா வேணி?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வேணிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அம்மா படுகிற பாட்டைப் பார்த்துத்தான் ஆஷ்லின் போனில் தேடினாள். புதுச்சேரியில் காலேஜ் படிக்கிற பெண். 'பயணத்தில் குமட்டல்' என்று போட்டதும் என் கட்டுரை வந்து நின்றது. நான்காவது பயன். அன்றே காலேஜ் விட்டு வரும்போது புதுச்சேரிக் கடை ஒன்றில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு மணம் அடித்தது. வேணி மூக்கைக் கிட்டே கொண்டுபோய், "யம்மாடி, இவ்ளோண்டு பாட்டில்ல ஒரு கல்யாண வீடே இருக்குதுடி" என்றாள்.

இரண்டாவது வாய்தாவன்று காலையில், வேணி அந்த எண்ணெயை உள்ளங்கையில் கவிழ்த்தாள். எண்ணெய் என்றால் தேய்க்க வேண்டியது, தைலம் என்றால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டியது. தலைவலி வந்தால் நெற்றியில் தைலம் அப்பித் துணியால் இறுக்கிக் கட்டித்தானே பழக்கம்? கட்டுரையிலும் தடவச் சொல்லியிருக்கிறது. சில துளி என்று போட்டிருந்தாலும், கோர்ட் காரியமாயிற்றே என்று பாதிக் குப்பியை நெற்றி, பொட்டு, கழுத்து என்று அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நெற்றி எரிய ஆரம்பித்தது. விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வேர்வை வழிந்தது. வேர்வையோடு எண்ணெயும் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியாமல், நெற்றி பற்றி எரிய, அந்த ஏலக்காய் வாசனையிலேயே குடலைப் புரட்டிக்கொண்டு வர, மயிலம் கூட்ரோட்டில் கண்டக்டர் அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அன்றும் கோர்ட்டில் மூன்று முறை கூப்பிட்டார்கள்.

நெடுஞ்செழியன் இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாய்தா கடைசி. அதுக்கும் வரலேன்னா உன் சாட்சியையே மூடிடுவாங்க. அப்புறம் பொன்னி அந்த மில்லுக்குப் போனதே இல்லேன்னு ஆயிடும்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அன்று சாயந்திரம் பொன்னி வந்தாள். வெந்து சிவந்து கிடந்த நெற்றியைப் பார்த்தாள். நேராக அடுப்படிக்குப் போய், தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வந்து, இடது கை விரலால் மெதுவாகத் தடவிவிட்டாள். நான் வெட்டிய வரியில் இருந்த அதே தேங்காய் எண்ணெய். இதை வேணி சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

4

இங்கே ஒரு விஷயம். எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

எழுத்துக்காரப் புத்தி சும்மா இருக்குமா? இவளுக்கு வருவது பஸ் வாந்தி இல்லை. கண் முன்னால் தோழியின் கை போனதைப் பார்த்த அதிர்ச்சி. அந்த நினைவைத்தான் உடம்பு வெளியே தள்ளுகிறது என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கே புல்லரித்தது. வேணியிடம் கொண்டுபோனேன்.

"அக்கா, நாலாங்கிளாஸ்ல டூரு கூட்டிக்கினு போனாங்க. ஓமந்தூர் தாண்டல, டீச்சர் புடவையிலேயே எடுத்துட்டேன். அப்ப யாருக்கும் கை போவல" என்றாள்.

பத்தியை அடித்தேன். (புல்லரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை. அது என் பிரச்சினை.)

பிறகு எனக்கு ஒரு முடிவு தோன்றியது. மூன்றாவது வாய்தாவுக்கு வேணி நடந்தே போகிறாள். கிளியனூரிலிருந்து விழுப்புரம் வரை, கால் வெடிக்க, உச்சி வெயிலில், கோர்ட் படியேறி நிற்கிறாள். என்ன மாதிரி முடிவு! இதையும் சொன்னேன்.

"நடந்து போயி படியில மயக்கமா வுழுந்தா யாரு சாட்சி சொல்றது? நீ வந்து சொல்றியா?" என்றாள் பொன்னி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். "பாட்டில்ல மிச்சம் பாதி கெடக்குது. ஒழுங்கா எப்படிப் பண்ணணும்னு அத மொதல்ல சொல்லுக்கா."

என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. பத்துப் பயன் எழுதத் தெரிந்தவளுக்கு ஒன்றைச் செய்து காட்டத் தெரியவில்லை. இரண்டு வாரம் கால அவகாசம் இருந்தது. நான் ஊருக்குத் திரும்பி, இந்த முறை உண்மையாகவே படித்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும், நறுமண சிகிச்சை முறையாகக் கற்ற தமிழ்மணி என்ற நர்ஸம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன்.

5

(இது அடிக்குறிப்பாக வர வேண்டியது. ஆனால் அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று நடுவிலேயே வைக்கிறேன்.)

ஒரு கிலோ ஏலக்காயை ஆவியில் வைத்து எண்ணெய் இறக்கினால் டீ கிளாஸில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். ஒரு சொட்டில் எத்தனை காய் சுருண்டு கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் குடிக்கக் கூடாது, அப்படியே தேய்க்கக் கூடாது, கைக்குழந்தை முகத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தடவியே ஆக வேண்டுமென்றால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு. குமட்டலுக்குத் தடவவே வேண்டாம், பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டால் போதும். வயிற்றைப் புரட்ட ஆரம்பித்த பிறகு முகர்வதில் பயனில்லை. அதற்கு முன்பே, உடம்பு அமைதியாக இருக்கும்போதே மூக்கைப் பழக்க வேண்டும்.

வேலை செய்யுமா என்றால், சிலருக்குச் செய்கிறது என்கிறார்கள். நடந்த ஆய்வுகள் சின்னச் சின்னவை. மெல்ல மூச்சு விடுவதே பாதி மருந்து என்று சொல்கிறவர்களும் உண்டு. தமிழ்மணி அம்மா நேர்மையான மனுஷி. "சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன், முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார்.

ஆனால் ஒன்று சொன்னார், அதில்தான் நான் வாயைப் பிளந்தேன். நாம் பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் ஒரு வாசலில் நின்று, விசாரிக்கப்பட்டு, பிறகுதான் உள்ளே போகுமாம். வாசனைக்கு அந்த விசாரணை கிடையாதாம். மூக்கில் பட்டதும் நேராக, பயமும் பாசமும் குடியிருக்கிற அறைக்கே போய்விடுமாம். வாழ்நாளெல்லாம் மூக்கை வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று, பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவர் போகிறவர் மூக்கையெல்லாம் வெட்கமில்லாமல் பார்த்தேன். எவ்வளவு பெரிய அதிசயத்தை இவ்வளவு சாதாரணமாக முகத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறோம்!

6

சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டதுமே வேணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எரிந்த நெற்றி, மயிலம் கூட்ரோடு, குடல் புரட்டல் எல்லாம் அந்த வாசனையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "இப்ப பாயசம்னு சொன்னாக்கூட கொமட்டுதுக்கா" என்றாள். மருந்தையே நான் விஷமாக்கி வைத்திருக்கிறேன். அன்று கதையை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் இப்படித்தான் முடிந்திருந்தது: 'ஆகவே, சில தவறுகளைத் திருத்த'

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. பொன்னிதான் வழி கண்டுபிடித்தாள்.

அவள் பஞ்சை ஒரு காலி தைல டப்பாவில் வைத்து, இடது கையில் எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள். வேணி வீட்டுக்குள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வருதா?" என்று கேட்டாள் பொன்னி.

"இல்ல."

ஓர் அடி முன்னால் வந்தாள். "இப்ப?"

"லேசா."

"கொமட்டுதா?"

"இல்ல."

"சரி, இன்னிக்கு இதோட போதும்."

மறுநாள் வாசற்படி. அடுத்த நாள் படிக்கு உள்ளே ஓர் அடி. வேணி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அடி எடுத்து வைப்பாள். முகம் சுளித்தால் பின்வாங்குவாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நான் எட்டுக் கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதைவிட ஓர் அடி அதிகமாக அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்தாம் நாள் பொன்னி வேணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டப்பா வேணியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வேணி மல்லாட்டையை உரித்து ஒன்று தன் வாயில், ஒன்று பொன்னியின் வாயில் என்று போட்டுக்கொண்டு, மருமகளைப் பற்றி ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தாள். (யாருடைய மருமகள் என்று எழுதினால் என்னை ஊருக்குள் விட மாட்டார்கள்.)

"வேணி."

"இன்னா?"

"டப்பா இங்கதான் இருக்குது."

வேணி குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். "கல்யாண வூடு" என்றாள். பொன்னிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

7

மூன்றாவது வாய்தா. காலை ஏழேகால். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸில் முன் சீட்டு பிடித்தோம். ஜன்னலோரம் வேணி, நடுவில் டப்பாவோடு பொன்னி, ஓரத்தில் நான். வெறும் வயிறாக இருக்கக் கூடாது என்று இரண்டு இட்லி சாப்பிட வைத்திருந்தோம். வேணி வழக்கம்போல முந்தானையைத் தலையில் போர்த்தப் போனாள்.

"மூடாத. ரோட்டப் பாரு. மூச்சு வுடு" என்றாள் பொன்னி.

பஸ் கிளம்பியது. வேணியின் விரல்கள் கம்பியைப் பிடித்த பிடியில் வெளுத்திருந்தன. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. உள்ளே ஏலக்காய், வெளியே டீசல் புகை. மயிலம் கூட்ரோடு வந்தது. போன முறை தன்னை இறக்கிவிட்ட இடத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பொன்னி டப்பாவை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினாள். பஸ் நிற்காமல் போனது. வேணியும் அதோடு போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குச் சொல் போதவில்லை. எந்த வார்த்தையைப் போட்டாலும் மிகையாகிறது. அதனால் நடந்தபடியே சொல்கிறேன். வேணி தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். நாற்பத்தொரு வருஷமாக இந்த ரோட்டில் முந்தானைக்குள் குனிந்தே போனவள். இப்போது பார்த்தாள். ஏரி ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது. பனைகள் வரிசையாகப் பின்னால் போயின. சவுக்குத் தோப்பு, செங்கல் சூளை, கரும்பு ஏற்றி ஆடி ஆடிப் போன டிராக்டர், தூரத்தில் நீலமாக ஒரு மலை.

"செல்விக்கா," என்று என் பக்கம் திரும்பாமலே கேட்டாள், "அந்த மல எப்பவுமே அங்கதான் இருக்குதா?"

"ஆமா வேணி."

"யம்மாடியோவ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், தனக்குத்தானே, "யம்மாடியோவ்."

எத்தனையோ தடவை போன வழி எனக்கு. போனைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அன்று அவள் கண்ணால் பார்த்தபோது எனக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. விக்கிரவாண்டி வந்து போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. விழுப்புரத்தில் இறங்கும்போது, நம்ப மாட்டீர்கள், இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம் என்று முகத்தில் ஓர் ஏக்கம் இருந்தது.

எண்ணெய்தான் காரணமா? முன் சீட்டா, இரண்டு இட்லியா, மூச்சா, பொன்னியின் கையா? தெரியாது. கட்டுரையாக இருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன்.

8

பதினொன்றரைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரே முறைதான் கூப்பிட வேண்டியிருந்தது.

நீதிபதி ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வேணி கூண்டில் ஏறி நின்று, நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மல்லாட்டை கொட்டுவார்கள், மெஷினில் சுழல்கிற பட்டையை மூடுகிற தகட்டைப் பொங்கலுக்கு முன்பே கழற்றிப் போட்டுவிட்டார்கள், பொன்னியின் கை உள்ளே போனது. எல்லாம் சொன்னாள். பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

"ரெண்டு வாய்தா வரல. இப்ப வந்து நல்லா ஒப்பிக்கிறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. வாந்தி வந்துச்சு, வர முடியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேணியின் காது சிவந்தது.

"சரி. கை மாட்டினதும் நீங்கதான் மெஷின நிறுத்தினீங்களாம். உடனேவா?"

"உடனே இல்லீங்க. சுச்சு மூட்டைக்குப் பின்னால இருந்துச்சு. மூணு மூட்ட. மூணையும் தள்ளினாத்தான் கை எட்டும்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"பன்னெண்டு எண்ணுற நேரம்."

"ஓஹோ! அப்படி ஒரு நேரத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்களா? நம்புற மாதிரி சொல்லுங்கம்மா."

"மூட்ட தள்ளும்போது எண்ணிக்கினேதாங்க தள்ளுவோம். நாலு எண்ணினா ஒரு மூட்ட நவுரும். மில்லுல வேல செய்ற பொம்பளைங்க எல்லாருமே அப்பிடித்தான். எண்ணலன்னா தம்மு பத்தாது. அன்னிக்கும் வாய் தானா எண்ணிச்சு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணிக் காட்டும்மா. அன்னைக்கு எண்ணின மாதிரியே."

வேணி கூண்டின் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றினாள். தோளைக் கொடுத்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

ஒவ்வொரு எண்ணுக்கும் உடம்பு முழுவதும் முன்னால் போய்த் திரும்பியது. கூண்டு கிறீச்சிட்டது. ஒரு மூட்டை நகர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அங்கே மூட்டை இல்லாதபோதும்.

"அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு."

பின்வரிசையில் சிரித்தவர் இப்போது கழுத்தை நீட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் பொன்னி, இல்லாத கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு என்பது எவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நீங்களும் ஒருமுறை மெதுவாக எண்ணிப் பாருங்கள், ஒரு கை மெஷினுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

"ஒம்பது... பத்து... பதினொண்ணு..."

குரல் உடைந்தது. வேணி நின்றாள். மூச்சை மெல்ல இழுத்தாள், மெல்ல விட்டாள்.

"பன்னெண்டு" என்றாள். வலது கையை நீட்டி, காற்றில் ஒரு சுவிட்சை அணைத்தாள்.

முதலாளியின் வக்கீல் தாளைப் புரட்டினார். அப்புறம் இரண்டொரு கேள்வி கேட்டார், அவை எனக்கு நினைவில்லை.

9

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இதை எழுதி முடிக்கிற இன்று வரை வரவில்லை. முடிவு இல்லாமல் கதையை எப்படி அனுப்புவது என்று மூன்று முடிவு எழுதி வைத்தேன்.

அ) நீதிபதி அம்மா வேணியை நம்புகிறார். முதலாளி தலைகுனிகிறான். பொன்னி

ஆ) ரெஜிஸ்டரில் பெயர் இல்லாததால், சந்தேகத்தின் பலனை

இ) மேல்முறையீடு, இன்னும் ஏழு வருஷம்,

மூன்றையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். கோர்ட் சொல்ல வேண்டியதை நான் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஏற்கெனவே ஒரு முறை எழுத்தால் ஒரு நெற்றியைச் சுட்டவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளியனூருக்குப் போய் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். வேணி பஸ் வந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பொன்னி முழுவதும் கேட்டுவிட்டு, முகம் மாறி உட்கார்ந்திருந்தாள். பாதுகாப்புக்காக நான் பெயர்களை மாற்றியிருந்தேன். அந்தப் பிரதியில் பொன்னிக்கு மல்லிகா என்று பெயர்.

"கை போனது மல்லிகாவுக்கா?" என்று கேட்டாள்.

"கதைக்காக மாத்தியிருக்கறேன் பொன்னி. நாளைக்கு உனக்கு ஒரு தொந்தரவு வரக் கூடாதுன்னு."

"ரெஜிஸ்டர்ல என் பேரு இல்லன்னு அவன் சொல்றான்" என்றாள். "உன் கதையிலயும் இல்லன்னா, ஆறு வருஷம் நான் எங்கதாங்க்கா வேல செஞ்சேன்?"

அன்றிரவு மல்லிகா என்று இருந்த இடத்திலெல்லாம் பொன்னி என்று மாற்றினேன்.

ஆகவே முடிவு உங்களிடம். இதுவரை படித்தவர்களுக்கு நடந்தது தெரியும். பொன்னி அந்த மில்லில் ஆறு வருஷம் வேலை செய்தாள். அவள் கை அங்கேதான் போனது. நாளைக்கு யாராவது வந்து, அப்படி ஒருத்தி அங்கே இருந்ததே இல்லை என்று சொன்னால், தெரியும் என்று சொல்லுங்கள். நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? வேணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.